மலையாள வாடை அடிக்குதாமே, அக்கா?

அருமனைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறாள். வயது 23, நாகர்கோவிலில் ஆங்கில இலக்கியம் படித்தவள். நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"அக்கா, சென்னையில் ஒரு இணையச் செய்தி சேனலுக்கு ஆங்கிலச் செய்தி வாசிக்க ஆடிஷன் போயிருந்தேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 'லாங்குவேஜ் நல்லா இருக்கு, ஆனா மலையாள வாடை அடிக்குது, எங்களுக்கு நியூட்ரல் ஆக்சென்ட் வேணும்' என்றார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் 30 நாளில் பிரிட்டிஷ் ஆக்சென்ட் வரவைக்கிறோம், 18,000 ரூபாய் என்கிறார்கள். நானே யூடியூப் பார்த்து பிபிசி மாதிரி பேசிப் பழகினால் அம்மச்சி 'ஏ பிள்ளே, ஆருகிட்ட பேசுத?' என்று சிரிக்கிறார். பணம் கட்டட்டுமா? சரியான ஆங்கிலம் என்று ஒன்று உண்டா இல்லையா? ஆடிஷனில் வாசித்ததையே போனில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள்."

பணம் கட்டாதே. மீதியை நிதானமாகப் பேசலாம்.

உன் 2 நிமிடப் பதிவை மூன்று தடவை கேட்டேன். எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. ஆனால் நான் தக்கலைக்காரி, நீ மூக்கால் பேசினாலும் எனக்குப் புரியும், என் காது இந்த வழக்கில் சாட்சிக்கு ஆகாது. அதனால் போபாலில் வளர்ந்த ஒரு தோழிக்குப் போட்டுக் காட்டினேன், தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. அவள் நான்கே இடத்தில் முழித்தாள். அந்த நான்கு இடத்துக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் உன் இரண்டாவது கேள்வி, ஏனென்றால் அது தெளிந்தால் முதல் கேள்வியில் பாதி தானே தெளிந்துவிடும்.

'பிபிசி ஆங்கிலம்' என்கிறோமே, அது நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்த விஷயம். 1922-இல் பிபிசி தொடங்கியபோது இந்தப் புதுப் பெட்டியில் எந்த ஊர்ப் பேச்சில் பேசுவது என்ற கேள்வி வந்தது. அதை நடத்திய ஜான் ரீத்துக்கு நாட்டின் எந்த மூலையிலும் யாரும் கேட்டுச் சிரிக்காத ஒரு பேச்சு வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. சிரிக்கக் கூடாது என்பதைக் கவனித்துக்கொள், உன் அம்மச்சி அங்கேயும் இருந்திருக்கிறார். 1926-இல் இதற்கென்று ஒரு ஆலோசனைக் குழு போட்டார்கள், கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் முதல் தலைவர், 1930-இலிருந்து நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா. எனக்கு இதில் பிடித்த சங்கதி என்னவென்றால், ரீத் ஸ்காட்லாந்துக்காரர், ஷா டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர், குழுவின் செயலாளராக இருந்து வேலையெல்லாம் பார்த்த லாயிட் ஜேம்ஸ் வேல்ஸ்காரர். இங்கிலாந்துக்காரன் வாயை எப்படித் திறக்க வேண்டும் என்று தீர்மானித்த இடத்தில் மூன்று முக்கிய நாற்காலியிலும் வெளியூர்க்காரர்கள்!

அவர்கள் எடுத்துக்கொண்ட பேச்சு, பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கட்டணப் பள்ளிகளின் பேச்சு. ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸ் 1917-இல் உச்சரிப்பு அகராதி போட்டபோது அதற்கு 'பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு' என்றே பெயர் வைத்திருந்தார் (அங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் நம்மூர் அரசுப் பள்ளி இல்லை, நேர் எதிர்). 1926 பதிப்பில்தான் அது 'ரிசீவ்டு ப்ரொனன்சியேஷன்' ஆனது. ஒரு வகுப்பினரின் பேச்சு, பெயர் மாறியதும் எல்லாருக்குமான பேச்சு போலத் தோன்ற ஆரம்பித்தது. 1974-இல் பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் போட்ட கணக்குப்படி பிரிட்டனில் அப்படிப் பேசுகிறவர்கள் நூற்றுக்கு 3 பேர்தான். அந்த ஊரில் பிறந்த 97 பேருக்கு வராததை மார்த்தாண்டத்தில் 30 நாளில் வரவைக்கிறார்கள் என்றால் நானும் போய்ச் சேர்ந்துகொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1941-இல், போர்க்காலத்தில், யார்க்‌ஷயர் பேச்சுக்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸை நாடு முழுவதற்குமான செய்தி வாசிக்கவைத்தார்கள். ஜெர்மன்காரன் பிபிசி குரலை நகல் செய்து பொய்ச் செய்தி பரப்பிவிடுவானோ என்ற பயம், ஊர்ப் பேச்சை அவ்வளவு சுலபமாக நகல் எடுக்க முடியாது என்ற கணக்கு. அவர் 'குட் நைட்' என்பதை ஊர்ப் பாணியில் 'குட் நீட்' என்று முடிப்பார். நியாயமாகப் பார்த்தால் சனங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். புகார்க் கடிதம்தான் வந்தது. தங்கள் பேச்சையே பேசுகிறவன் சொன்னால் செய்தி போலவே இல்லை என்று தோன்றியிருக்கிறது சிலருக்கு. இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை. சில வருடம் முன்பு மிடில்ஸ்பரோ ஊர்ப் பேச்சில் பிபிசியில் வணிகச் செய்தி சொன்ன ஸ்டெஃப் மெக்கவர்னுக்கு, பேச்சைத் திருத்திக்கொள்ளச் சொல்லி ஒரு நேயர் 20 பவுண்டு அனுப்பிவைத்தார். உன்னிடம் 18,000 கேட்கிறார்கள், அவருக்கு எதிரே காசு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் நாட்டுக்கு வந்தால், 'நியூட்ரல்' என்ற சொல்லை ஊரெல்லாம் பரப்பியது பெரும்பாலும் கால் சென்டர்கள், 2000-ஐ ஒட்டி. ஃபோனுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு நீ எந்த ஊர் என்று தெரியக் கூடாது, அதுதான் தேவை. ஊர் தெரியாத பேச்சு என்று ஒன்று கிடையாது தங்கச்சி, கேட்பவனுக்குப் பழகிய ஊர் என்றால் அவன் அதை நியூட்ரல் என்பான். மயிலாப்பூர் ஆங்கிலம் சென்னைக்காரருக்கு நியூட்ரல். அதைப் போபால் தோழிக்குப் போட்டால் முதல் வாக்கியத்தில் 'தமிழ்' என்பாள். வண்டியை நியூட்ரலில் போட்டால் எங்கே போகும், சொல்லு.

தமிழிலும் இதே கதைதான். டெல்லியிலிருந்து வந்த 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி' என்ற குரலைத்தான் நம் அப்பா அம்மா தலைமுறை 'சரியான தமிழ்' என்று நினைத்தது. அவர் மும்பையில் வளர்ந்தவர். யார் வீட்டுச் சமையலறையிலும் யாரும் அந்தத் தமிழ் பேசவில்லை, ஆனால் கோட்டாறு முதல் கும்மிடிப்பூண்டி வரை புரிந்தது. நம் நாகர்கோவிலில் 1984 அக்டோபரில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. குலசேகரம், திருவட்டாறு, முஞ்சிறை என்று நம் ஊர்ப் பெயர்கள் பெட்டிக்குள்ளிருந்து சரியாக வந்து விழுவதைக் கேட்டு வீட்டில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆக, செய்திக் குரல் என்பது தொழிலுக்கான ஒரு பேச்சு. நீ ஏற்கெனவே மூன்று பேச்சு வைத்திருக்கிறாய்: வீட்டில் 'எனக்க புக்கு', சென்னை ஹாஸ்டலில் 'என்னோட புக்', களியக்காவிளை தாண்டினால் மலையாளம். நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறாய், அம்மச்சியின் பேச்சை அழித்துவிட்டு அதன் மேல் எழுதப் போவதில்லை.

சரி, இப்போது அந்த நான்கு இடம்.

முதலாவது 'கமிட்டி'. நீ முதல் அசையில் ஓங்கினாய், ஆங்கிலத்தில் அழுத்தம் நடுவில், 'மிட்' மேல். என் தோழிக்கு அது 'காமெடி' என்று கேட்டது. நாடாளுமன்றக் காமெடி அறிக்கை தாக்கல் செய்தது என்று செய்தி போனால் நாடு ஒப்புக்கொள்ளும், சேனல் ஒப்புக்கொள்ளாது. நம் மொழிகளில் எல்லா அசையும் கிட்டத்தட்ட ஒரே கனம், எந்த அசையை ஓங்கினாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் முன்னால் ஓங்க வேண்டும், வினையாக வந்தால் பின்னால். 'போலீஸ்', 'ஹோட்டல்', 'பெர்சென்ட்', 'ஈவென்ட்' நான்கிலும் இரண்டாம் அசை, 'இண்டஸ்ட்ரி', 'மினிஸ்டர்' முதல் அசை. இந்திய ஆங்கிலம் வெளியாருக்கு எங்கே புரியாமல் போகிறது என்று ஆர். கே. பன்சல் 1969-லேயே ஆராய்ந்திருக்கிறார், அழுத்தம் தவறுவதுதான் அதில் பெரிய காரணங்களில் ஒன்றாக வந்தது. என் அனுபவமும் அதுதான். திருவனந்தபுரத்தில் ஐடி ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், கருங்கல்காரத் தம்பி ஒருவன், அமெரிக்க கிளையண்ட் ஒவ்வொரு கூட்டத்திலும் 'சாரி, என்ன?' என்று கேட்கிறான் அக்கா, வேலையை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று வந்து நின்றான். பதிவை வாங்கிக் கேட்டால் 'டெவலப்மென்ட்' என்ற ஒரே சொல். நிமிடத்துக்கு மூன்று தடவை அந்தச் சொல், மூன்று தடவையும் 'டெ'யில் அழுத்தம். 'வெ'க்கு மாற்றினோம். அவன் ராகம் அப்படியேதான் இருக்கிறது, இப்போது யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இரண்டாவது 'கேம்பெய்ன்'. 'ப'வுக்கு முன்னால் 'ம்' வந்ததும் நம் வாய் தானாகவே அந்த 'ப'வைக் 'கம்பு', 'அம்பு' என்பதில் வருகிற மாதிரி 'b'யாக மென்மையாக்கிவிடும். தமிழ் எழுத்தும் காட்டிக்கொடுக்காது, 'சிம்பிள்' என்றுதான் எழுதுகிறோம், படிக்கும்போது தவறாகத்தான் படிக்கிறோம். 'கம்பெனி', 'இம்பார்ட்டண்ட்', 'டெம்பரேச்சர்', 'கவுண்ட்டிங்', 'பேங்க்' எல்லாம் இதே குழி, செய்தியில் தினமும் வரும் சொற்கள். பரிகாரம் சின்னது. 'ம்' முடிந்ததும் உதட்டை ஒரு கணம் கூடுதலாக மூடி, அப்புறம் வெடிக்கவிடு. சொல்லின் தொடக்கத்தில் 'ப', 'க' வரும்போதும் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துத் தள்ளு. வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூவைப் பிடித்துக்கொண்டு 'பார்லிமெண்ட்' சொல், தாள் அசைய வேண்டும்.

மூன்றாவதைச் சொன்னால் நீயே சிரிப்பாய்: 'யெம்மெல்லே'. ஒரு வரியில் 'யெய்ட்டி யெய்ட் யெம்மெல்லேஸ்' என்று மூன்று 'ய' வரிசையாக நின்றது. எனக்கும் இருந்தது இது. என் முதல் ஆடிஷனில் (எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன்) ஒருவர் 'மேடம், நீங்க யெக்ஸாமினர் பேர் என்ன சொன்னீங்க?' என்று என்னைப் போலவே சொல்லிக் காட்டினார், அறையே சிரித்தது, நான் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். அந்த ஆள் சொல்லித்தந்திருக்க வேண்டியது ஒரே ஒரு வரி: வாயை முதலிலேயே திறந்து வைத்துக்கொண்டு சத்தத்தைத் தொடங்கு, சத்தம் போட்டுக்கொண்டே திறக்காதே. திறந்தபடி தொடங்கினால் 'எ' வரும், திறந்துகொண்டே தொடங்கினால் 'யெ' வரும். கண்ணாடி முன் ஒரு வாரம் போதும்.

நான்காவது வேகம். 2 நிமிடத்தில் 372 சொல் வாசித்திருக்கிறாய், எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 186. மழைக்கு முன்னால் காயப்போட்ட துணியை அள்ளுகிற மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் சிபிஎஸ்ஸில் 1962 முதல் 1981 வரை செய்தி சொன்ன வால்டர் க்ரான்கைட் நிமிடத்துக்கு 124 சொல் என்று தன்னைப் பழக்கிக்கொண்டவர். நீ அவ்வளவு இறங்க வேண்டாம், 140-150 பக்கம் வந்தாலே மேலே சொன்ன மூன்றிலும் பாதி தானே சரியாகும், ஏனென்றால் அழுத்த வேண்டிய அசைக்கு அப்போதுதான் இடம் கிடைக்கும்.

இவற்றோடு இன்னும் ஒன்று, தோழி கண்டுபிடிக்கவில்லை, நான் கண்டுபிடித்தேன்: 'பிரெசிடெண்ட்', 'பிசினஸ்', 'ரீசன்' இவற்றில் நடுவில் வருவது 'ஸ்' இல்லை, வண்டு இரைகிற 'z' சத்தம். தொண்டையில் விரலை வைத்தால் அதிர வேண்டும். உனக்கு அதிரவில்லை.

திருத்தாதே என்று சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. கடிதத்தில் நீ 'எங்கள் டி (T) எல்லாமே தப்பு போல' என்று எழுதியிருந்தாய். தப்பே இல்லை! இந்தியாவில் பெரும்பாலோர் ஆங்கில 'டி'யை 'ட' என்று நாக்கை மடித்துச் சொல்வார்கள். ஆங்கிலேயன் மடிப்பதில்லை, நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் ஈறு மேட்டில் தட்டுவான். அந்த ஒலி எங்கே இருக்கிறது தெரியுமா? அம்மச்சியை 'காற்று' என்று சொல்லச் சொல்லிக் கேள். சென்னையில் அது 'காத்து' ஆகிப் பல்லுக்குப் போய்விட்டது, விளவங்கோட்டுப் பக்கத்தில் பழைய ஆட்கள் வாயில் அந்த 'ற்ற' இன்னும் ஈறு மேட்டிலேயே இருக்கிறது. மலையாளத்தில் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஆங்கில 'டி'யைப் பல சொற்களில் அந்த எழுத்தால்தான் எழுதுகிறார்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள் 'மீற்றர்' என்று எழுதுவதும் அதனால்தான். உன் பதிவில் 'ஸ்டேட்', 'வாட்டர்' இரண்டிலும் இந்த ஒலி அழகாக விழுந்திருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு நான் இரண்டு மாதம் மெனக்கெட்டுச் சொல்லித்தருவதை நீ பிறவியிலேயே கொண்டுவந்திருக்கிறாய், அதைப் போய் யூடியூப் பார்த்து மாற்றிவைக்காதே.

'காலேஜ்', 'ஆஃபீஸ்' விஷயமும் அப்படியே. சென்னையில் 'கா', 'ஆ' என்று வாயைத் திறப்பது அமெரிக்கப் பக்கம் சாய்கிறது. நீ உதட்டைக் குவித்து 'கோ', 'ஓ' என்கிறாய், பிரிட்டிஷ் உயிரொலிக்கு அதுதான் அருகில். நீளத்தை மட்டும் பாதியாகக் குறை. 'கோளேஜ்' என்று 'ள' போடுவதை விடு, அது 'ல'.

ஊர்ப் பெயர்களில் உன்னிடம் இருப்பது தனிச் சொத்து. டெல்லி அறிவிப்பாளர்கள் ஆலப்புழையை 'ஆலப்புசா' என்றும் கோழிக்கோட்டை 'கோசிக்கோட்' என்றும் கொல்வதைத் தினம் கேட்கிறோம். உனக்கு ழ, ற, ள மூன்றும் இரண்டு மொழியிலும் சுத்தமாக வருகிறது. பேச்சிப்பாறை அணை திறப்பையும் கோழிக்கோடு விமான நிலையத்தையும் ஒரே புல்லட்டினில் பிழையில்லாமல் வாசிக்கக்கூடியவர் எந்தத் தென்னிந்திய ஆங்கிலச் சேனலுக்கும் தேவை. அடுத்த ஆடிஷனில் உனக்கு வாசிக்கப் பகுதி தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்தப் பெயர்கள் வருகிற செய்தியாகப் பார்த்து எடு.

'மலையாள வாடை' என்றவர்களைப் பற்றி. 1995-இல் கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பேச்சில் வேற்றூர்ச் சாயல் அதிகமாக இருப்பதும் பேச்சு புரியாமல் போவதும் ஒன்றில்லை என்று காட்டினார்கள். சாயல் பலமாக இருக்கிறது என்று கேட்டவர்கள் மதிப்பெண் போட்ட பேச்சையே அவர்கள் ஒரு சொல் விடாமல் எழுதியும் காட்டியிருக்கிறார்கள். அதனால் இனி யாராவது அப்படிச் சொன்னால் 'எந்தச் சொல் புரியவில்லை சார்?' என்று மரியாதையாகக் கேள். சொல்லைச் சுட்டினால் நன்றி சொல்லி எழுதிக்கொள், அவர் உனக்கு இலவச வாத்தியார். சுட்டத் தெரியாமல் 'ஓவராலா ஒரு மாதிரி' என்று இழுத்தால் அவருக்குப் பிடிக்காதது உன் உச்சரிப்பு இல்லை, உன் மாவட்டம். அதற்கு என்னிடம் பயிற்சி கிடையாது. அந்த இடம் போனால் போகட்டும் என்று நான் சுலபமாகச் சொல்லிவிடலாம்தான், வாடகை கட்டுவது நீ. வேலை அவசியம் என்றால் அவர்கள் குரலை ஸ்டுடியோ நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொள், அதில் ஒரு மானக்கேடும் இல்லை. ஆனால் அங்கே மட்டும் முட்டிக்கொண்டிருக்காதே. ஆகாசவாணியில் தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு அவ்வப்போது ஆடிஷன் வைப்பார்கள், ஆடியோ புத்தகம், பாட்காஸ்ட், நிறுவனங்களின் பயிற்சி வீடியோ என்று குரலுக்கு வேலை இப்போது நிறைய.

செய்ய வேண்டியது தினம் 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், தொண்டை கெடும். ஆங்கிலப் பேப்பரில் ஒரே ஒரு செய்தி. முதலில் பென்சிலால் நீளமான சொற்களில் அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு போடு, சந்தேகம் வந்தால் அகராதியில் அந்த அசைக்கு முன் ஒரு சின்னக் கோடு இருக்கும், ஆன்லைன் அகராதியில் ஸ்பீக்கரை அமுக்கினால் சத்தமே வரும். அப்புறம் மெதுவாக ஒரு முறை, போனில் பதிவு செய்து ஒரு முறை. பதிவைக் கேட்கும்போது பேப்பரைப் பார்க்காதே, பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் கேட்கும்.

அம்மச்சி முன்னாலேயே வாசி. சிரித்தால் நிறுத்தாமல், எந்தச் சொல்லில் சிரித்தார் என்று பென்சிலால் ஒரு புள்ளி வை. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பேத்தி எங்கே நடிக்கிறாள் என்று அவர் காதுக்குத் தெரியும், யூடியூப்பிலிருந்து ஒட்டவைத்த இடங்களில்தான் அந்தச் சிரிப்பு வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஆறு வாரம் கழித்து அதே செய்தியை வாசித்து அனுப்பு, புள்ளி வைத்த தாளையும் போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்பு. யெம்மெல்லே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.